நாங்கள் மைசூர் போய்வந்த ஒன்பது நாள்

எண்பத்தொன்பது நாள் என்றால் என்னவென்று உங்களில் சிலருக்கு நான் சொல்லாமலே தெரியும். உங்கள் அப்பாவோ மாமாவோ அப்படி ஒரு வேலையில் இருந்திருந்தால் நீங்களும் விரல்விட்டு எண்ணியிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறாவது நாளும் ஒருவர் வேலைக்கு வந்துவிட்டால், நாளைக்கு நிரந்தரம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுவாராம். அதனால் எண்பத்தொன்பதாம் நாள் சாயங்காலமே நிறுத்திவிடுவார்கள். சில நாள் கழித்து, முன்பின் பார்த்திராத ஆளைச் சேர்ப்பதுபோல மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இந்த இடைவெளிக்கு பிரேக் என்று பெயர்.

எங்கள் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், அந்த வேலைதான். செஞ்சிக்கு வெளியே ஒரு நெல் கிடங்கில் பில் போடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவத்தில் நெல் தூசி படிந்திருக்கும், சட்டையில் சாக்கு வாசனை அடிக்கும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். பிரேக் நாட்களில் அது இருக்காது. நைனா மேல் சோப்பு வாசனை வந்தாலே எனக்கு பயம்.

பிரேக் முடிந்தால் ஆர்டர் வரும். ஆபீஸ் பியூன் சைக்கிளில் வீடு தேடி வந்து ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் காலையில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்கு உறை போய்விடும். அம்மா ஜெபத்தில் சேசுவிடம் கேட்டதெல்லாம் அந்த உறை ஒன்றைத்தான். எனக்கு நல்ல படிப்பு வேண்டும் என்றுகூட அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு சங்கடம். எங்கள் தெருவில் எல்லோரும் நைனாவை நிரந்தர ஊழியர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவை அவருக்குக் கட்டிக்கொடுத்ததே அந்தக் கணக்கில்தான். யார் முதலில் சொன்ன பொய்யோ தெரியவில்லை, நைனா அதைத் திருத்தாமல் விட்டார். அப்புறம் திருத்தவே முடியாத அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அதனால் பிரேக் நாட்களிலும் காலை எட்டரைக்கு டிபன் கேரியரோடு கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்று அம்மாவும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் கண்டுபிடித்தேன். ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து கோட்டைக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். செஞ்சிப் பிள்ளைகளுக்கு வேறு எங்கே சுற்றுலா? கண் விழித்தால் தெரியும் மலையையே வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ராஜா கோட்டை அடிவாரத்தில் நெற்களஞ்சியம் இருக்கிறதல்லவா, உள்ளே பேசினால் குரல் திரும்பி வருமே, அங்கே கத்திப் பார்ப்பதற்காக எல்லோரும் ஓடினோம். உள்ளே இருட்டில் ஒருவர் சுவரோரம் சம்மணம் போட்டுத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேரியரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அடித்தட்டு எங்கள் வீட்டில் நசுங்கியது.

நைனா தலையைத் தூக்கிப் பார்த்தார். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. பிள்ளைகள் கத்தியது நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி வந்தது.

"ஏ, அது உங்க நைனா தான?" என்று என் தோழி என் காதருகே கேட்டாள். அவள் எதிர்வீட்டு அத்தையின் மகள். எனக்கு இருந்த ஒரே தோழியும் அவள்தான்.

"ஆபீஸ் வேலையா வந்திருக்காரு. களஞ்சியத்த அளக்கணுமாம்," என்றேன்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் எப்படி வந்தது அந்தப் பொய் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். அவள் நம்பினாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அன்று அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே அழுதார். புகை என்றார்.

அந்தக் கோடையில் பிரேக் பத்து நாள் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மூன்று நாளென்றால் மலையடிவாரத்தில் ஓட்டிவிடலாம். பத்து நாள் எப்படி ஓட்டுவது? அம்மாவுக்குத்தான் யோசனை வந்தது.

"எல்டிசி போவோம்ங்க."

எல்டிசி என்றால் நிரந்தர ஊழியர்களுக்கு இருந்த சலுகை. குடும்பத்தோடு வெளியூர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் டிக்கெட் செலவை ஆபீஸ் கொடுக்கும். பக்கத்துத் தெருவில் வாத்தியார் குடும்பம் அப்படித்தான் கன்னியாகுமரி போய்வந்து, மாதக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தது.

"எனக்கு எவன் எல்டிசி குடுப்பான்?" என்றார் நைனா.

"குடுக்க வேணாம். போனோம்னு இருந்தா போதும். மைசூர் போறோம்னு சொல்லிட்டுக் கௌம்பலாம். இங்கியே சுத்துவட்டாரத்துல எங்கனா பத்து நாள் இருந்துட்டு வந்துடலாம். ஒரு தபா குடும்பத்தோட போய்ட்டு வந்துட்டோம்னா, பொறவு எவளும் வாயத் தொறக்க மாட்டா."

நைனா டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். பிறகு, "யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது. எதிர்வூட்டுல கூட," என்றார். அம்மா தலையாட்டினார்.

இப்போது நமக்கெல்லாம் இது கேலிக்கூத்தாகத் தெரியும். ஃபோனில் ஒரு படம் கேட்டால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டுவிடும். அன்றைக்கு வாயால் சொன்னால் போதும், மைசூர் போய்வந்ததாக ஆகிவிடும். சலூன்காரரிடம் பழைய காலண்டர் ஒன்று இருந்தது, விளக்குப் போட்ட மைசூர் அரண்மனை படத்தோடு. நைனா அதைக் கேட்டு வாங்கிவந்தார். அம்மா எனக்குப் பாடம் எடுத்தார். அரண்மனை என்ன நிறம்? எந்தக் கிழமை விளக்குப் போடுவார்கள்? பிருந்தாவனத்தில் தண்ணீர் எப்படி ஆடும்? அம்மாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. தெரியாததைத் தெரியாதவரிடம் மனப்பாடம் செய்தேன்.

கிளம்பிய அன்று காலை எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று வழியனுப்பினார். அத்தை என்றால் உறவு முறையில் அத்தை இல்லை. அம்மாவுக்கு அவர் அக்கா, எனக்கு அத்தை, அவ்வளவுதான். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். அதனால் அம்மாவும் அத்தையும் ஒரே அடுப்பில் சமைக்காத குறைதான். கோழிக்குத் தண்ணீர் வைக்க அம்மா அவரிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு சந்தனத்துல ஆனை வாங்கியா," என்றாள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம். திண்டிவனத்தில் நைனாவின் கூட்டாளி மெக்கானிக் ஒருவர் பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரோடு காத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு மண்ரோட்டில் வந்த திசையிலேயே திரும்பினோம். நான் முன்னால் நின்றுகொண்டேன். அம்மா பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து சிவப்பு ரெக்சின் பையை மடியில் வைத்திருந்தார். அந்தப் பையின் ஜிப் நில்லாது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வாயைப் பிளக்கும். எதிர்க்காற்றில் புளியம்பூ வாசனை வந்தது, பெட்ரோல் வாசனை வந்தது, கொஞ்ச நேரத்தில் வறுத்த வேர்க்கடலை வாசனையும் வந்தது. நான் வாய்விட்டுப் பாடியது நினைவிருக்கிறது. நைனா கூடவே ஹாரன் அடித்தார்.

சொந்தக்காரர் இல்லாத ஊராகத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய பாடு. எங்கள் பக்கம் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு எந்தக் கிராமத்தில் போய் நின்றாலும் ஒரு சித்தப்பா கிளம்பி வந்துவிடுவார். கடைசியில் தொண்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மாதா கோவிலில் உபதேசியார் ஞானோபதேச வகுப்பறையைத் திறந்துவிட்டார். மாதாவுக்கு நேர்ந்துகொண்ட யாத்திரை என்று அவரிடம் நைனா ஏதோ புதுப் பக்தியைச் சொல்லிவைத்தார். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டோம். பகலெல்லாம் ஊர் சுற்றினோம்.

நைனா அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சீயமங்கலத்துக் குகைக் கோயிலில் தூணைத் தட்டிக்காட்டி, "இதான் மைசூர் மகாராஜா தர்பார். அதோ நடுவுல குந்திகினு கணக்குப் பாப்பாரு," என்பார். ஏரித் தண்ணீரைக் காட்டி, "பிருந்தாவன். லைட்டு இன்னும் போடல," என்பார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார். தொண்டூரில் பாறைக்கடியில் சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள் இருக்கின்றன, தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு விட்டுச் செதுக்கியது. நாங்கள் ஆளுக்கொன்றில் படுத்துக்கொண்டோம். மத்தியானத்திலும் அந்தக் கல் குளிர்ந்து கிடந்தது.

"இவங்களுக்கெல்லாம் ஆர்டர் வந்ததா இன்னா? வேலயும் இல்ல, பிரேக்கும் இல்ல. ஜாலியா படுத்துனு இருந்தானுங்க," என்றார் நைனா, கண்ணை மூடிக்கொண்டே.

"வந்துடும்ங்க. பத்து நாள்னுதான சொல்லியிருக்காங்க," என்றார் அம்மா.

"பத்து நாள்னு வாயாலதான் சொன்னான்."

எங்கே போய் நின்றாலும் செஞ்சி மலை எங்கேயாவது ஒரு பனைமரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி திரும்பி உட்கார்ந்துகொள்வேன். என்ன சொல்ல, அந்த நாட்களைப்போல மகிழ்ச்சியாக நான் இருந்ததே இல்லை. அந்த நாட்களைப்போலத் தனியாகவும் இருந்ததில்லை. பார்த்த எதையும் பார்த்ததாகச் சொல்லக்கூடாது, பார்க்காததைத்தான் சொல்ல வேண்டும். கல்படுக்கையில் படுத்துக்கொண்டு, இதைப் போய்த் தோழியிடம் சொன்னால் எப்படிக் கேட்பாள் என்று மனதுக்குள் அவளோடு பேசிப் பார்த்தேன். பிறகு அதை விழுங்கிவிட்டு அரண்மனையை ஒப்பித்தேன்.

ஆறாம் நாள் தளவானூர் போனோம். ஸ்கூட்டரை ஊருக்குள் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுப் பாறைக்கு நடந்தோம். நைனாவும் அம்மாவும் குகைக் கோயில் வாசலில் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் தீர்ந்திருந்தது. நான் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு ரோட்டோரத்து அடிபம்புக்கு இறங்கி வந்தேன்.

பம்பை அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சைக்கிள் வந்து நின்றது. காக்கிச் சட்டை. முகத்தைப் பார்த்ததும் பம்பை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு உறை கொண்டுவரும் பியூன்.

"தண்ணி அடி பாப்பா," என்று குனிந்து கையை ஏந்தினார். அடித்தேன். குடித்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ பில் கிளார்க்கு பொண்ணு இல்ல? செஞ்சி?"

"இல்ல. நான் இந்த ஊரு."

"எந்த வூடு?"

"அதோ, அந்தத் தெரு," என்று கையைக் காட்டினேன்.

"உங்க நைனா பேரு இன்னா?"

ஒரு பெயரைச் சொன்னேன். எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனின் பெயர். "ஏர் ஓட்டப் போயிருக்குது," என்று சேர்த்துக்கொண்டேன். அந்தக் கொளுத்தும் கோடையில் எவன் ஏர் ஓட்டுவான்? அவருக்கு அது உறைக்கவில்லை.

"ஜாடை அப்டியே இருக்குது," என்று தலையைச் சொறிந்தார். சைக்கிள் கேரியரில் கவ்வியிருந்த பழுப்பு உறையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். மறுபடி அதைக் கவ்வக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊருக்கு இதுதானே வழி என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

எனக்குப் பயமாக இல்லை, பெருமையாக இருந்தது. என்ன அழகாகச் சமாளித்துவிட்டேன்! நைனாவிடம் சொல்ல வேண்டும் என்று பாறை மேல் ஓடினேன். அங்கே நைனா அம்மாவின் காலில் குத்தியிருந்த முள்ளைத் தன் மடியில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா, "ஐயோ மெதுவா, மெதுவா," என்று சிரித்துக்கொண்டே கத்தினார். ஆபீஸ் என்ற சொல்லைச் சொன்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பாட்டிலை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாறையிலிருந்து பார்த்தால் ரோடு தெரிந்தது. சைக்கிள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்கூட்டரில் போயிருந்தால் அடுத்த வளைவில் பிடித்திருக்கலாம்.

அப்புறம் என்பது வரவேயில்லை.

ஒன்பதாம் நாள் திண்டிவனத்தில் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் சந்தன யானை ஒன்றும் ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு செஞ்சி பஸ் ஏறினோம். யானை சந்தனம் இல்லை, ஏதோ மரத்தில் சென்ட் தடவியது. தெருவில் நுழைந்ததும் அத்தை ஓடிவந்தார்.

"வந்துட்டீங்களா? நாலு நாள் முன்ன ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்திருந்தாங்க. மைசூர் போயிருக்காங்கன்னு சொன்னேன். எதனா சேதியான்னு கேட்டதுக்கு, வந்தா சொல்லுங்கன்னு போய்ட்டாரு."

நைனா பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே ஓடினார். பத்து நாள் என்று சொல்லியிருந்தவர்கள், நெல் வரத்து கூடிப்போய் முன்னதாகவே ஆர்டர் போட்டுவிட்டிருந்தார்கள். ஆள் இல்லை என்றதும் அடுத்த பெயருக்கு உறை போனது. அந்த ஆளுக்கு ஊர் தளவானூருக்கு அடுத்த ஊர். நைனா போனபோது அவர் நைனாவின் ஸ்டூலில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாராம். எழுந்து, "குந்துங்க அண்ணே," என்றாராம். அதை நைனா பல வருஷம் கழித்து ஒரே ஒரு முறை சொன்னார். அந்தத் தடவை சேர்ந்தவர்களைத்தான் பிறகு நிரந்தரம் செய்தார்கள். நைனா பெயர் அதில் இல்லை.

திரும்பி வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து, "போச்சு," என்றார். அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விடுவிடுவென்று தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் நின்றார்.

"பாவி! உன் வாய வெச்சிகினு சும்மா இருந்தியா? ஊருக்குப் போய்ட்டாங்கன்னு அவன்கிட்ட எதுக்குடி சொன்ன? ரெண்டு நாள்ல வந்துடுவாங்கன்னு சொல்லக் கூடாதா? என் குடியக் கெடுத்துட்டியே!"

தெருவே கூடிவிட்டது. அத்தை வாயைத் திறக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் எங்கள் வீட்டுச் சாவி இருந்தது. அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார். தப்பு செய்தவர் என்றால் இப்படித்தான் பேசாமல் நிற்பார் என்று பதினோரு வயதில் நான் முடிவு கட்டினேன். முடிவு கட்டியதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. பழியைப் போட ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அடிபம்பு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று இரவு சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை. நாள் ஆக ஆக அது சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

பள்ளிக்கூடம் திறந்ததும் தோழி பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். அந்த வருஷம் முழுக்க மைசூர் எப்படி இருந்தது என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. அரண்மனை நிறம், விளக்குப் போடும் கிழமை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டைக் கொய்யாமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். யானை கொஞ்ச நாள் என் புத்தகப் பெட்டியில் கிடந்தது. வாசனை போன பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை.

நைனா அதற்கப்புறம் ரைஸ்மில்லில் இருந்தார், உரக்கடையில் இருந்தார், கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாமான் ரூம் பார்த்துக்கொண்டார். எங்கேயும் பிரேக் இல்லை, வேண்டாமென்றால் போ என்பார்கள், அவ்வளவுதான். என்னைத் திட்டியதில்லை, அம்மாவைத் திட்டியதில்லை. எதிர்வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். களைப்பு என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு நிரந்தர வேலை கிடைத்து முதல் ஆர்டரைக் காட்டியபோது அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். அந்த பியூன் பார்த்த மாதிரியே பார்த்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நைனா போய்ப் பல வருஷம் ஆகிறது. அம்மா இந்தக் கோடையில் போனார். கடைசி மூன்று மாதம் நான்தான் செஞ்சியில் கூட இருந்தேன். மாத்திரை பற்றிப் பேசினார், ஒழுகும் ஓடு பற்றிப் பேசினார், ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டார். படுக்கையிலிருந்து பார்த்தால் நேரே எதிர்வீட்டு வாசல் தெரியும். ஒருநாள்கூட அந்தப் பக்கம் பார்த்து எதுவும் சொன்னதில்லை. அடக்கத்தன்று அத்தை தன் வாசலில் நின்றார். எண்பதைத் தாண்டிய கிழவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று, செத்துப்போனவருக்காகப் பார்த்தேன். என்ன புத்தியோ.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. பூட்டைப் போட்டுவிட்டேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தெருவைக் கடந்தேன். பத்தடிகூட இல்லாத தெரு.

அத்தை டிவியை நிறுத்திவிட்டு, "வா கண்ணு, குந்து," என்றார். நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனவளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். மகள் பெங்களூரில் இருக்கிறாளாம், பேரன் பேத்தி எடுத்துவிட்டாளாம். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தளவானூர், அடிபம்பு, சைக்கிள், உறை, நான் சொன்ன பெயர். "உங்க மேல தப்பு இல்ல அத்தே. நான் வாயத் தொறந்திருந்தா வேல போயிருக்காது. இத்தன வருஷமா உங்கமேல பழியப் போட்டுட்டுப் பேசாம இருந்துட்டேன்," என்றேன். இதைச் சொல்லும்போது நான் அழுதுவிட்டேன். இந்த வயதிலும் அப்படி அழுகை வரும் என்று தெரியாது.

அத்தை என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீங்க மைசூர் போவலன்னு எனக்கு அப்பவே தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"சாவி குடுக்க வந்தப்போ உங்க அம்மா எல்லாத்தையும் சொன்னா. உங்க நைனாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னா. யார் வந்து கேட்டாலும் மைசூர்னே சொல்லுக்கா, என் மானம் உன் கையில இருக்குதுன்னு கையப் புடிச்சா. அந்த ஆள் வந்தப்போ எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனா சொன்ன சொல்லு. மைசூர்னு சொல்லிட்டேன்."

"அப்போ அன்னைக்குத் தெருவுல வெச்சி நீங்க…"

"இன்னா சொல்றது? நீதானடி சொல்லச் சொன்னன்னா? அம்மாம் ஜனம் நிக்குது. உங்க நைனா வாசல்ல குந்தினு இருக்கறாரு. மூஞ்ச எங்க வெச்சிக்குவாரு அந்த மனுசன்? அவளுக்கும் அது தெரியும். கோவம் தணிஞ்சா அவளே வருவான்னு இருந்தேன். நாளைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு."

தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. எங்கள் வீட்டுப் பூட்டு இங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அத்தனை வருஷமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். நான் ஒருத்தி மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்ததாக நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அம்மாமேல் கோபமும் வந்தது, சண்டை போட ஆளில்லாத கோபம்.

அத்தை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"கடசில என்னப் பத்தி எதனா சொன்னாளா?"

"சொன்னாங்க அத்தே," என்றேன். "எதிர்வூட்டு அக்கா சாப்ட்டாளான்னு கேட்டாங்க."

அத்தை என் முகத்தையே பார்த்தார். பொக்கை வாயில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது.

"அந்த சைக்கிள்காரன்கிட்ட நல்லா பொய் சொல்லியிருக்கற. என்கிட்ட வரல பாரு உனக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பரவால்ல," என்றார் அத்தை. "இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன்.